நேர் றோட்டில் பழகிய பிள்ளைகளுக்கு, முடக்கு எடுப்பது பற்றி

வன்னியில் மோட்டார் சைக்கிள் பழகுகிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. அது அவர்களுடைய குறை இல்லை, றோட்டினுடையது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 பெரும்பாலும் நேராகவே கிடக்கிறது. சண்டை முடிந்தபின் அதை அகலமாக்கிக் காபெற்றும் போட்டுவிட்டார்கள். ஆறு மாதம் ஓடிய பெடியன் அதில் எண்பதைத் தொட்டுவிடுவான், ஆனால் ஒரு முடக்கைக்கூட ஒழுங்காக எடுத்திருக்க மாட்டான். அதே ஆள் இரணைமடுச் சந்தியில் குளத்துப் பக்கம் திரும்பி, வாய்க்கால் வீதிகளுக்குள் இறங்கும்போது விசயம் வெளிப்படுகிறது. வாய்க்கால் வளைகிற இடத்தில் வீதியும் வளையும். முன்கூட்டிச் சொல்லுகிற பலகை அங்கே இருக்காது. இப்போது பழகுகிற தம்பிமார், தங்கச்சிமாருக்காகவே இதை எழுதுகிறேன்.

1. பதினெட்டு வயது, லைசன்ஸ், ஹெல்மெற் பற்றி விரிக்கப் போவதில்லை. தாடைப்பட்டி பூட்டாத ஹெல்மெற் தலையில் இல்லாததற்குச் சமன். றப்பர் செருப்போடு ஓட வேண்டாம். நனைந்த செருப்பு கியர் மிதியில் வழுக்கும், வழுக்குவது எப்போதும் திரும்பப் போகிற நேரத்தில்தான்.

2. எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் கியர் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். அப்பாவின் சீற்றி 100 இல் முன்னால் மிதிக்க மிதிக்கக் கியர் கூடும். கூட்டாளியின் பல்சரில் ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே. சீற்றியில் பழகிய கால் பல்சரில் நாலாம் கியரில் போகும்போது, கூட்டுவதாக நினைத்து மிதித்தால் மூன்றாவது விழும். இன்னொரு தரம் மிதித்தால் இரண்டாவது. நேர் றோட்டில் அது ஒரு குலுக்கலோடு போய்விடும். முடக்கில் சாய்ந்திருக்கும்போது நடந்தால் பின் சில்லு உங்களுக்கு முன்னால் போகப் பார்க்கும். இரவல் வண்டியில் ஏறினால் நூறு மீற்றர் மெல்ல ஓடி, எல்லாக் கியரையும் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு வீதிக்கு வாருங்கள்.

எங்கள் காலத்தில் இந்தக் குழப்பம் இருக்கவில்லை. நாங்கள் ஓடிய எம்டி 90 யப்பானில் தபால்காரருக்காகச் செய்த வண்டி. மூன்று கியர், கையில் கிளச் கிடையாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதபோது அதை மண்ணெண்ணெயில் ஓடினோம். கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணினால், பிறகு புகையைக் கக்கிக்கொண்டு போகும். அதற்கு வேகம் வராது. எங்கள் தலைமுறை முடக்கில் விழாததற்குக் காரணம் கெட்டித்தனம் என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மண்ணெண்ணெய்தான் காரணம். உங்கள் கையில் இருப்பது 150 சிசி.

3. முடக்கின் வேலை முடக்குக்கு முன்னாலேயே முடிய வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும். வண்டி நிமிர்ந்திருக்கும்போதே அக்சிலேற்றரை மூடி, இரண்டு பிறேக்கையும் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். அதற்கேற்ற கியருக்கு இறங்கி, கிளச்சை முழுதாக விடுங்கள். பிறகுதான் சாய வேண்டும். சாய்ந்தபின் கைக்கும் காலுக்கும் அவசர வேலை எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. அக்சிலேற்றரை ஒரே அளவில் மெல்லப் பிடித்துக்கொண்டு போங்கள். றோட்டு நேராகத் தொடங்குவது கண்ணில் பட்டதும், வண்டி நிமிர நிமிரக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள்.

புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. அதே வேகத்தில் உள்ளே போய், பாதியில் பயந்து, அக்சிலேற்றரைப் படாரென்று மூடி, கிளச்சையும் பிடித்துவிடுவார்கள். கிளச் பிடித்ததும் என்ஜின் சில்லை விட்டுவிடுகிறது. இழுவையும் இல்லை, என்ஜின் தருகிற தடுப்பும் இல்லை, வண்டி தன்பாட்டில் உருண்டு போகும். அடுத்ததாகக் கை முன் பிறேக்கைத் தேடும்.

4. கியர் இறக்குவதை மட்டும் தனியாகப் பழகுங்கள். அதே வேகத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் என்ஜின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுற்று எங்கிருந்தோ வந்தாக வேண்டும். கிளச்சைப் பட்டென்று விட்டால் பின் சில்லுதான் என்ஜினை இழுத்துச் சுற்றும், அதனால் அது இறுகி வழுக்கும். கிளச்சைப் பிடித்து கியரை இறக்கும்போதே அக்சிலேற்றரை ஒருதரம் சின்னதாகத் திருக்கிவிட்டுக் கிளச்சை மெல்ல விட்டுப் பாருங்கள். வண்டி குலுங்காமல் கியரை ஏற்றுக்கொள்ளும். குலுங்கினால் திருக்கியது போதவில்லை. வண்டி முன்னால் பாய்ந்தால் கூடிவிட்டது. காது சொல்லித்தரும், மீற்றரைப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கியராக இறங்குங்கள். நாலிலிருந்து இரண்டுக்கு ஒரே பிடியில் தட்டுவது கெட்டிக்காரத்தனம் போலத் தெரியும். மழை நாளில் அதன் விலை தெரியும்.

5. சாய்வுக்குக் கணக்கு இருக்கிறது. முப்பது மீற்றர் ஆரையுள்ள முடக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 கிலோமீற்றர் வேகத்தில் அதைத் திரும்ப வண்டியும் ஆளும் சேர்ந்து 23 பாகை அளவில் சாய வேண்டும். 50 இல் அது 33 பாகை. 60 இல் 43. வேகம் கூடியது ஒன்றரை மடங்குதான், சாய்வு இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்துவிட்டது. சாய்வை நிர்ணயிப்பது வேகத்தின் வர்க்கம் என்பதால் இப்படி. வண்டியின் பாரமும் ஆளின் பாரமும் இந்தக் கணக்கில் வராது, பெரிய பைக் என்றால் குறையச் சாயலாம் என்பது பேச்சுத்தான்.

காய்ந்த நல்ல தார் றோட்டில் நல்ல ரயர் 40 பாகை அளவுக்குத் தாங்கலாம். நடு ஸ்ராண்டோ கால்மிதியோ அதற்கு முன்னமே நிலத்தில் உரசுகிற வண்டிகள் பல. தார்மீது மணல் தூவிக் கிடந்தால் அதில் பாதியைக்கூட நம்ப முடியாது. மோட்டோ ஜீபீ ஓட்டக்காரர் 60 பாகைக்கு மேல் சாய்வதை ரீவியில் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய ரயர் சூடேற்றிப் பூட்டியது, றோட்டில் மாட்டுச் சாணமும் இல்லை. 60 இல் எடுக்கத் தோன்றும் முடக்கை 40 இல் எடுங்கள். இழப்பது சில செக்கன்தான்.

6. ரயருக்கு இருக்கிற பிடி ஒன்றுதான். சிறுபோகக் கூட்டத்தில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்களே, அதுபோல. ஒருவர் கூட இழுத்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. திரும்புவதற்கும், பிறேக்குக்கும், என்ஜின் இழுவைக்கும் இந்த ஒரே பிடியிலிருந்துதான் பங்கு. கூடச் சாய்ந்திருக்கும்போது பிடி முழுவதையும் திருப்பமே எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் பிறேக்கை அழுத்தினால், கொடுக்க ரயரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ஆனாலும் நடு முடக்கில் மாடு நின்றால் என்ன செய்வது? இடமிருந்தால் முதலில் வண்டியை நிமிர்த்துங்கள், பிறகு நேராக நின்றே பிறேக்கைப் பிடியுங்கள். இடமில்லையென்றால் இரண்டு பிறேக்கையும் மெல்லத் தொட்டு, வேகம் குறையக் குறைய, வண்டி நிமிர நிமிரக் கூட்டிப் பிடியுங்கள்.

7. திருப்புவது எப்படி? நம்ப மாட்டீர்கள். நாற்பதில் போகும்போது இடப்பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். கைப்பிடி ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் சாயும், சாய்ந்ததும் தானே திரும்பும். சைக்கிள் ஓடுகிற எல்லாரும் தெரியாமலே செய்வது இதுதான். விமானம் பறக்கவிட்ட வில்பர் ரைற் சைக்கிள் கடையும் வைத்திருந்தவர். எப்படித் திரும்புகிறீர்கள் என்று அவர் சைக்கிள்காரரைக் கேட்டுப் பார்த்தார். முதல் தரம் கேட்டபோது ஒருவரும் முழுவதையும் சரியாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஓட்டம் பழக்கும் கீத் கோட், சட்டத்தோடு அசையாமல் பொருத்திய இன்னொரு கைப்பிடியை ஒரு வண்டியில் பூட்டிக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எவ்வளவு சாய்த்தாலும் வண்டி ஒழுங்காகத் திரும்பாது.

தெரியாமலே செய்கிற வேலையை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், பயம் வந்தால் கை இறுகும். இறுகிய கை தள்ளாது. முடக்கு எதிர்பார்த்ததை விட இறுக்கமாக வந்தால், எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். பிறேக்கால் விழும் பலர் அந்தத் தள்ளலால் தப்பியிருப்பார்கள்.

8. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். மதகுக் கட்டைப் பார்த்துக்கொண்டே போனால் மதகில்தான் இடிப்பீர்கள். முடக்கு முடிகிற இடத்தைப் பாருங்கள். அது தெரியவில்லை என்றால், தெரிகிற தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் மட்டும் போங்கள்.

நாங்கள் இடப்பக்கம் ஓடுகிற நாடு. இடது முடக்குக்கு எங்கள் பாதிக்குள் நடுக்கோட்டுப் பக்கமாக நின்று உள்ளே பாருங்கள், வலது முடக்குக்கு இடது ஓரமாக நில்லுங்கள். இரண்டிலும் எதிரே வருவது நேரத்தோடு தெரியும். இடது முடக்கில் பஸ் வருவதைக் கண்டால் நடுக்கோட்டை விட்டுவிடுங்கள். வலது முடக்கில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ரயர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும், சாய்ந்த உங்கள் தலை கோட்டைத் தாண்டி பஸ்காரனின் பாதைக்குள் இருக்கும். அதனால் அங்கே கோட்டுக்குக் கிட்டப் போகவே வேண்டாம்.

9. றோட்டு மாதத்துக்கு மாதம் மாறும். அறுவடைக் காலத்தில் தார் றோட்டின் ஓரத்தில் நெல் காயும். நெல்மணி உருளும், அதில் சாய்ந்தால் பிடி கிடையாது. விதைப்புக் காலத்தில் வயலிலிருந்து ஏறிய லான்ட்மாஸ்டர் சேற்றுக் கட்டிகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். மார்கழியில் வான்கதவு திறந்தால் அதைப் பார்க்கச் சனம் திரளும், குளத்து றோட்டு முழுக்க நனைந்த காலும் பிள்ளைகளும்தான். 2018 மார்கழி வெள்ளத்தில் நாங்கள் கண்டதுபோல, தண்ணீர் வற்றிய பிறகும் கிரவல் அரித்த பள்ளங்கள் முடக்குகளில் கிடக்கும். புது மழையின் முதல் அரைமணித்தியாலம், தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதக்கிற நேரம், மற்றதெல்லாவற்றையும் விடக் கெட்டது. ரயில் தண்டவாளத்தை நிமிர்ந்தபடி, முடிந்தவரை குறுக்காகக் கடவுங்கள். நனைந்த இரும்பில் சாய்வுக்கு இடமில்லை.

கிரவல் வீதியில் கணக்கே வேறு. முன் பிறேக்கைத் தொடாதமாதிரித் தொட்டு, இரண்டாம் கியரில், வண்டியைச் சாய்க்காமல் மெல்லத் திருப்ப வேண்டும்.

10. பின்னால் அம்மாவை ஒருபக்கமாக இருத்திக்கொண்டு கனகாம்பிகை அம்மன் கோயிலுக்குப் போகிறீர்கள். அவர் உங்களோடு சாய மாட்டார், பயந்து மற்றப் பக்கம் நிமிர்வார். திருத்தப் பார்க்க வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். சேலைத் தலைப்பைச் செருகச் சொல்லுங்கள். உரமூட்டை ஏற்றினால் பின் ஸ்பிறிங் பதியும், வண்டி முன்னால் இலேசாகும், முடக்கில் அகலப் போகும். மூட்டை ஏற்றிய நாளில் உங்களுக்குத் தெரிந்த முடக்கும் தெரியாத முடக்குத்தான்.

11. பழக ஒரு வெறும் மைதானம் போதும். லைசன்சுக்கு எட்டுப் போடுவது மெல்லிய வேகத்துக்கான பாடம். கிளச்சைப் பாதி பிடித்து, பின் பிறேக்கைத் தொட்டபடி, வண்டியைச் சாய்த்து உடம்பை நிமிர்த்தி எடுப்பது அது. வேகத்தில் எடுக்கும் முடக்குக்கு அது உதவாது. அதற்குக் காலை நேரத்தில், நன்றாகத் தெரிந்த, ஆளில்லாத முடக்கு ஒன்றை 25 இல் எடுங்கள். கைக்கு வேலை பழகும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். கூட்டாளி முன்னால் போக அவன் வேகத்தில் பின்னால் போவது பழக்கமல்ல, பந்தயம். குளக்கட்டில் வேண்டவே வேண்டாம்.

12. ரயரைத் தடவிப் பாருங்கள். நேர் றோட்டிலேயே ஓடினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். ஓரங்கள் புதிது மாதிரியே இருக்கும். தட்டையான ரயரோடு சாயும்போது வண்டி முதலில் சாய மறுக்கும், பிறகு அந்த விளிம்பைத் தாண்டித் திடீரென்று விழும். ஏ9 இல் தினம் ஓடுகிறவர்களின் பின் ரயர் பெரும்பாலும் இப்படித்தான். பட்டன் மிச்சமிருக்கிறதே என்று வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஓரம் தேயவில்லை என்று சில பெடியள் ஒருவரையொருவர் கேலி செய்வதும் தெரியும். தேயாத ஓரம் அவசரத்துக்கு மிச்சம் வைத்த இடம், அதைத் தேய்க்க ஓட வேண்டாம்.

காற்றை ரயர் சூடாகுமுன் பாருங்கள். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும், பின்னால் ஆள் ஏறினால் பின் ரயருக்குக் கூட வேண்டும். புது ரயர் வாங்கினால் முதல் நூறு கிலோமீற்றருக்குச் சாய்வைக் குறையுங்கள், மேற்பரப்பு வழுக்கும். பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும், 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்தது. கடைக்காரர் மலிவாகத் தருகிறார் என்றால் காசைக் கொடுக்குமுன் அந்த நாலு இலக்கத்தையும் பாருங்கள்.