அகலத் திரையும் நம்ம வீட்டுச் சுவரும்



'சினிமாஸ்கோப்' என்ற எழுத்து வரும்போது தியேட்டரில் திரையின் இரு பக்கத்துக் கறுப்புத் துணியும் மெல்ல விலகும். தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். நம்ம வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இதை ஆசையாய்ச் சொல்வார்கள். அங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படத்தின் உயரம் மாறவில்லை, அகலம்தான் கூடியது. வீட்டில் அகலத் திரை கட்ட நினைப்பவர்களுக்குப் பாடமே இதுதான்.

கொஞ்சம் வரலாறு

பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கிரேத்தியன் 1920-களில் ஒரு லென்ஸை உருவாக்கினார். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி, சாதாரண பிலிமில் அடக்கிவிடும் லென்ஸ் அது. தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை மறுபடி விரித்துக் காட்டும். இந்த முறையில் 1953-இல் 'தி ரோப்' என்ற ஆங்கிலப் படம் வந்தது. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் குருதத்தின் 'காகஸ் கே பூல்' (1959). தமிழில் முதலாவது, சிவாஜி நடித்து ஏ.பி.நாகராஜன் இயக்கிய 'ராஜராஜ சோழன்' (1973).

அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவது விகிதம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அது 1.37; இன்றைய டி.வி.க்கு 1.78, இன்றைய ஸ்கோப் படத்துக்கு 2.39.

உயரமே அஸ்திவாரம்

அருப்புக்கோட்டையில் எங்கள் பெரியப்பா தறியை நிறுத்திய பிறகு தறிக்கூடம் சும்மா கிடந்தது. அதில் வீட்டுத் தியேட்டர் வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கூடம் நீளம், ஆனால் விட்டம் தாழ்வு. தரையில் உட்காருகிறவர்கள் தலை மறைக்காதபடி கீழே விட்டு, மேலே விட்டத்தையும் கழித்தால், திரைக்குக் கிடைத்தது 4 அடி உயரம். அதை மாற்றாமல் கணக்குப் போட்டோம்.

ஸ்கோப் படம்: 4 × 2.39 = சுமார் 9½ அடி அகலம்.
டி.வி. நிகழ்ச்சி: 4 × 1.78 = சுமார் 7 அடி.
பழைய படம்: 4 × 1.37 = சுமார் 5½ அடி.

ஆகவே 9½ அடிக்கு ஒரே திரை. மற்றவற்றுக்குத் தியேட்டர் மாதிரியே பக்கவாட்டில் கறுப்புத் துணி. டி.வி.க்குப் பக்கத்துக்குச் சுமார் 1¼ அடி, பழைய படத்துக்கு 2 அடி மூடினால் போதும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 1080 வரியுள்ள படத்துக்கு, உயரத்தைப் போலச் சுமார் 3 மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் புள்ளி தெரியாது. உயரம் மாறாததால் எல்லாவற்றுக்கும் அதே 12 அடிதான். பாயை இழுத்து இழுத்துப் போட வேண்டியதில்லை.

வெளிச்சக் கணக்கு

சாதாரண புரொஜெக்டரின் சட்டம் 1.78 விகிதம்தான். ஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். 1080 வரியில் சுமார் 803 வரிதான் படம். ஜூம் செய்து படத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கினால், பட்டைகள் திரைக்கு வெளியே சுவரில் விழும். அகலம் 1.34 மடங்கு ஆகும், பரப்பு 1.8 மடங்கு ஆகும். வெளிச்சம் அதே அளவுக்குக் குறையும்.

நிஜமாக 800 லூமென் தரும் புரொஜெக்டர் என்றால், டி.வி. அளவில் சதுர அடிக்கு 28 லூமென் கிடைக்கும். ஸ்கோப்புக்கு 15½ ஆகிவிடும். டிஜிட்டல் தியேட்டர் அளவு சுமார் 14. திரை முழு ஒளியையும் திருப்பித் தந்தால் இது போதும். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் நம்ம ஊரு வெயிலுக்கு எதுவும் தெரியாது!

அனமார்ஃபிக் லென்ஸ் மாட்டினால் எல்லா வரியும் பயன்படும், வெளிச்ச நஷ்டமும் குறையும். ஆனால் விலை அதிகம். ஜூம் முறைக்குப் போகிறவர்கள், புரொஜெக்டரின் ஜூம் 1.34 மடங்காவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1.2 மடங்கு ஜூம் உள்ளதை வாங்கினால் ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டைத் தூக்கி நகர்த்தணும்.

துணி நம்ம ஊரிலேயே

4 அடி உயரம் என்பதால் 5 அடிப் பன்னாத் துணியைப் படுக்கை வாட்டில் கட்டலாம். நடுவில் தையல் வராது. இதே அகலத்துக்கு டி.வி. விகிதத்தில் திரை போட்டால் 5.4 அடி உயரம் வேண்டும், ஒட்டுப் போட்டே ஆகணும். மரச்சட்டத்தில் சுருக்கமில்லாமல் இழுத்து அடித்து, பின்னால் கறுப்புத் துணி கொடுங்கள். பட்டை விழும் சுவரிலும், மேலும் கீழும் 8 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே கறுப்பு இருக்கட்டும்.

தினசரி வாழ்க்கை

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் திரை கட்டக் கூடாது. பெரியம்மாவுக்கு சீரியல், பிள்ளைகளுக்கு கிரிக்கெட், அப்பத்தாவுக்கு எம்.ஜி.ஆர். கறுப்பு வெள்ளைப் படம். இங்கேதான் வம்பு வருகிறது. "இவ்வளவு செலவழிச்சு ஏன் ஓரத்தைச் சும்மா விடணும்?" என்று யாராவது ரிமோட்டில் 'ஃபுல்' அமுக்கிவிடுவார்கள். 5½ அடிப் படத்தை 9½ அடிக்கு இழுத்தால் எல்லோர் முகமும் பணியாரமாய் உப்பிவிடும். "இவரு இப்படி இருக்கமாட்டாரேப்பா" என்று அப்பத்தா சொன்னதே சரியான தீர்ப்பு. காலி ஓரம் நஷ்டமல்ல; எடுத்தவர் எடுத்த படத்துக்கு நாம் தரும் மரியாதை.

வேறு சில குறிப்புகள்: கீழ்ப் பட்டையில் வரும் சப்டைட்டில் ஜூம் செய்தால் சுவரில் போய்விடும், அதைப் படத்துக்குள் ஏற்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கரிசல் புழுதி பில்டரை அடைத்துவிடும், அடிக்கடி துடையுங்கள். பல்பு வகை புரொஜெக்டருக்கு அணைத்த பிறகும் விசிறி ஓட வேண்டும். கரெண்ட் போச்சுன்னா சூடு உள்ளேயே தங்கிவிடும், யு.பி.எஸ். அவசியம்.

நண்பர்களே! அருப்புக்கோட்டையிலும் திருச்சுழிப் பக்கமும் தறி நின்ற கூடங்களும் காலியான கிட்டங்கிகளும் நிறைய உண்டு. யாராவது உங்களிடம் யோசனை கேட்டால் கடை விளம்பரத்தைக் காட்டாதீர்கள். டேப்பை எடுத்து முதலில் உயரத்தை அளந்து, பிறகு வீட்டில் என்னென்ன பார்ப்பார்கள் என்று விசாரியுங்கள். நாம் படித்த வகுத்தலும் பெருக்கலும் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றும்.