கணிப்பொறியின் வெம்மை

உழைக்கும் பொருள் யாதாயினும் சூடேறுதல் இயற்கை. நெடுந்தொலைவு ஓடிவந்த வண்டியின் அச்சைத் தொட்டால் கை சுடும். நெல் அரைத்து ஓய்ந்த பொறியின் அருகே நின்றால் அனல் வீசும். கணிப்பொறியும் இதற்கு விலக்கன்று. அவ்வெம்மை எங்கே பிறக்கின்றது, மிகுந்தால் விளையும் தீங்கு யாது, தணிக்கும் வழி யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கணிப்பொறிக்கு மூளை போன்றது நுண்செயலி. சிறியதொரு சிலிக்கன் சில்லில் டிரான்சிஸ்டர் என்னும் நுண்ணிய மின்கதவுகள் செறிந்துள்ளன. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் அவை ஏறத்தாழ 2,300 இருந்தன. இன்றைய நுண்செயலிகளிலோ பல நூறு கோடி உள்ளன. இக்கதவுகள் திறந்து மூடுந்தோறும் சிறிது மின்சாரம் செலவாகின்றது. செலவாகும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. திரைப்படக் காட்சிகளைத் தொகுத்தல், முப்பரிமாண உருவங்களை வரைதல் முதலிய கடும்பணிகளை ஏவினால் கதவுகளின் வேகம் மிகும். அவ்வேகத்திற்காக மின்னழுத்தமும் உயரும். மின்னழுத்தம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும். ஆதலின் வேலை சிறிது கூடினும் வெம்மை பெரிதும் கூடுகின்றது.

இத்தொல்லை புதிதன்று. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட எனியாக் என்னும் கணிப்பொறி ஏறத்தாழ 18,000 வால்வுகளைக் கொண்டு, 150 கிலோவாட் அளவு மின்சாரத்தை உண்டது. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கி, 1960ஆம் ஆண்டில் இயங்கச் செய்த டிஃப்ராக் என்னும் பொறியிலும் 2,700 வால்வுகள் இருந்தன. அப்பொறிகளின் வெப்பம் அறை முழுவதும் பரவிற்று. இன்றைய பொறியின் வெப்பமோ சிறு சில்லொன்றில் குவிகின்றது. அதனை உடனுக்குடன் வெளியேற்றாவிடில் இடர் விளையும்.

வெளியேற்றும் முறை எளிது. அரிமளம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் முற்றம் இருத்தலைக் காண்கிறோம். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிச் செல்லும். குளிர்ந்த காற்று வாயில் வழியே உட்புகும். கணிப்பொறிக்கும் இவ்வாறே இரு வழிகள் உண்டு. சில்லின் வெப்பத்தைச் செம்புக் குழாயும் உலோகத் தகடுகளும் வாங்கிக்கொள்ள, சிறு மின்விசிறி ஒன்று அடிப்புறத் துளைகளால் காற்றை இழுத்து, அத்தகடுகளின் ஊடே செலுத்திப் பக்கவாட்டில் வெளியே தள்ளுகின்றது. வழி அடைபட்டால் வீடும் புழுங்கும், பொறியும் புழுங்கும்.

தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் தொடங்கிய திட்டத்தால் ஏழை மாணவர் பலர் மடிக்கணினி பெற்றனர். பல வீடுகளில் அதுவே முதற் கணிப்பொறி. அத்தகைய பொறி சூடேறி நின்றவுடன், கெட்டுவிட்டது என்று கருதிப் பரணில் ஏற்றிவிடுதல் தகுமோ? கைப்பிடித் தூசியே காரணமாக இருத்தல் கூடும். அதனை அறியாது ஒரு மாணவனின் கல்விக் கருவியை இழத்தல் பேரிழப்பன்றோ?

வெம்மை மிகுந்ததை எவ்வாறு அறிவது? விசிறி பேரொலி எழுப்பும். பொறியின் நடை தளரும். நுண்செயலிகள் பல ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில் பொறி திடீரென நின்றுவிடும். இது தன்னைக் காத்துக்கொள்ளும் செயலே. ஆயினும் சேமிக்காத எழுத்துகள் அழிந்துபோம்.

நோயின் காரணத்தை நாடிய பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும். முதற்கண், வேலை இல்லாதபோதும் பொறி சுடுகின்றதா எனப் பார்க்க. சுடுமாயின், மறைவாக ஏதோ ஒரு மென்பொருள் இயங்குகின்றது எனக் கொள்ளலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அது புலப்படும். இரண்டாவதாக, பொறி இருக்கும் இடத்தை நோக்குக. மெத்தை, தலையணை ஆகியவற்றின்மேல் வைத்தால் அடிப்புறத் துளைகள் அடைபடும், மரப்பலகையே ஏற்றது. மூன்றாவதாக, பக்கத் துளையருகே கை வைத்துப் பார்க்க. விசிறி ஒலித்தும் காற்று வாராவிடில் உள்ளே தூசி அடைத்துள்ளது என்பது தெளிவு. காற்றும் நன்கு வந்து, வெம்மை மட்டும் தணியாவிடில், சில்லுக்கும் உலோகத்திற்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கலாம். தூசி நீக்குதலையும் பசை மாற்றுதலையும் தொழில் அறிந்தவரிடம் விடுக. பேட்டரி உப்பியிருந்தால் பொறியை உடனே நிறுத்துக, மின்னிணைப்பை நீக்குக, பேட்டரியைக் குத்துதலும் அழுத்துதலும் ஆகா.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. விசிறி குளிரைப் படைப்பதில்லை. சுற்றியுள்ள காற்றையே பயன்படுத்துகின்றது. அறைக்காற்று 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்ந்தால், அதே வேலைக்குச் சில்லின் வெம்மையும் ஏறத்தாழ 15 டிகிரி உயரும். ஆகவே, புதுக்கோட்டைச் சீமையின் கத்திரி வெயிலில் கடும்பணிகளைக் காலைப் பொழுதில் செய்து முடித்தல் அறிவுடைமை.

மாணவர்களே! பொறி சுடுவது குற்றமன்று. அது உழைப்பின் அடையாளம். அச்சூடு வெளியேற வழி விடாமையே குற்றம். காரணம் அறிந்து கருவியைப் பேணுவோர்க்கு அது நெடுநாள் துணைநிற்கும்.

பயிற்சி

1. கடும்பணியின்போது நுண்செயலியில் வெம்மை மிகுவது ஏன்?
2. பழைய வீட்டு முற்றத்திற்கும் கணிப்பொறியின் காற்று வழிக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
3. சூடேறிய பொறியை எவ்வரிசையில் ஆராய்தல் வேண்டும்?