ஆய்வறிக்கை மேஜைக்கு வந்ததும்

டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வாஷிங்டனிலிருந்தோ டெல்லியிலிருந்தோ ஒரு திங்க் டேங்கின், அதாவது கொள்கை ஆய்வு அமைப்பின், அறிக்கை வருகிறது. "ஆய்வில் அதிர்ச்சித் தகவல்" என்று தலைப்புப் போட்டு, மாலைக்குள் பக்கத்தில் ஏற்றிவிடுகிறோம். அதைப் படித்துவிட்டுத்தான் ஒருவர் டீக்கடையில் பேசுகிறார், ஓட்டும் போடுகிறார். அதனால் கொஞ்சம் வற்புறுத்தியே சொல்கிறேன்.

1. சாய்வு வேறு, பிழை வேறு. ஒன்றை வைத்து மற்றதைத் தீர்மானிக்காதீர்கள். 1973-இல் தொடங்கிய ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் தன்னைப் பழமைவாத அமைப்பு என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கிறது. 2003-இல் சென்டர் ஃபார் அமெரிக்கன் ப்ராகிரஸைத் தொடங்கியவர் ஜான் பொடெஸ்டா. அவர் அதிபர் கிளிண்டனின் வெள்ளை மாளிகையில் உயர்பதவி வகித்த ஜனநாயகக் கட்சிக்காரர். இவர்களின் நிறம் தெரிந்துவிட்டது என்பதாலேயே இவர்கள் தரும் எண் தப்பாகிவிடாது. நடுநிலை என்று பெயரெடுத்த இடத்திலிருந்து வந்ததாலேயே ஓர் எண் சரியாகியும் விடாது.

2. பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 படிவத்தை யாரும் பார்க்கலாம். மொத்த வரவு, தலைவரின் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். கொடுத்தவர்களின் பெயர் மட்டும் பொதுப் பிரதியில் இருக்காது. ஆகவே ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியல் உண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால், இல்லை என்பதையே செய்தியில் ஒரு வரியாக எழுதுங்கள்.

ப்ரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்துக்குக் கத்தார் அரசு நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 48 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டதை 2014-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நன்கொடையாளர்கள் தங்கள் ஆய்வைத் தீர்மானிப்பதில்லை என்றது ப்ரூக்கிங்ஸ். இதை வைத்து "விலைபோய்விட்டார்கள்" என்று எழுதாதீர்கள். அதற்கு நம்மிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் அங்கிருந்து கத்தாரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால், அந்தப் பணத்தைப் பற்றிய வரியும் வாசகருக்குப் போய்ச் சேர வேண்டும். பணத்தின் தாக்கம் எழுதியதில் மட்டும் தெரியாது. எதை எழுதாமல் விட்டார்கள் என்பதிலும் தெரியும்.

3. எண்ணை நம்பும் முன் அது எந்தக் கேள்விக்கு விடை என்று கேளுங்கள். இதில் ஓர் உதாரணத்தை ஆற அமரப் பார்த்துவிடலாம். 2013 மே மாதம் ஹெரிடேஜ் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தால் அரசுக்கு நிகரச் செலவு 6.3 லட்சம் கோடி டாலர் என்றது. அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம், செனட்டில் இருந்த குடியேற்ற மசோதாவால் முதல் பத்தாண்டில் பற்றாக்குறை 19,700 கோடி டாலர் குறையும் என்றது. ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். உள்ளே போய்ப் பாருங்கள். ஹெரிடேஜ் எடுத்துக்கொண்டது அந்த மக்களின் வாழ்நாள் முழுவதும், சுமார் 50 ஆண்டுகள். அதில் முதுமைக்கால உதவிகளும் அடக்கம். பள்ளி, காவல், சாலை என்று மாநில, உள்ளாட்சிச் செலவுகளும் அடக்கம். பட்ஜெட் அலுவலகம் எடுத்துக்கொண்டதோ மத்திய அரசின் கணக்கை மட்டும், மசோதா முழுவதற்கும். புதிதாக வரப்போகிறவர்கள் கட்டும் வரியும் அதில் சேர்ந்தது. கூட்டல் கழித்தல் இரண்டிலும் சரியாகவே இருக்கலாம். சாய்வு குடியிருப்பது இந்தத் தேர்வுகளில்தான்: எத்தனை ஆண்டு, யார் யார், எந்தச் செலவு, எந்த வரவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அறிக்கையைக் கடுமையாக விமர்சித்தவர்களில் கேட்டோ இன்ஸ்டிடியூட்டும் உண்டு. தடையில்லாச் சந்தையை ஆதரிப்பதில் அது ஹெரிடேஜின் பக்கத்து வீடு. வரிக்குறைப்பு என்றால் அதனால் வரும் வளர்ச்சியையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறவர்கள் இங்கே மட்டும் ஏன் சேர்க்கவில்லை என்பது அவர்கள் கேள்வி. எதிர் முகாமின் நூறு கண்டனங்களைவிட, சொந்த முகாமிலிருந்து வரும் இப்படி ஒரு கேள்விக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

4. பழைய அறிக்கைகளைத் தேடி எடுங்கள். எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற யோசனையை 1989-இல் ஹெரிடேஜில் முன்வைத்தவர் ஸ்டூவர்ட் பட்லர். 2010-இல் ஒபாமாவின் சட்டத்தில் அதே போன்ற கட்டாயம் வந்தபோது ஹெரிடேஜ் எதிர்த்தது. கருத்தை மாற்றிக்கொள்வது குற்றமில்லை. ஏன் மாற்றிக்கொண்டேன் என்று பட்லரே பிறகு எழுதினார். காரணம் சொல்லி மாறினார்களா, ஆட்சி மாறியதும் மாறினார்களா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பட்லர் 2014-இல் ப்ரூக்கிங்ஸுக்குப் போய்விட்டார். ஆகவே லோகோவை மட்டும் பார்க்காமல், எழுதிய ஆளையும் பாருங்கள்.

5. ஆட்கள் எங்கே போகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் அமைப்பின் சாய்வுக்கு ஒரு தடயம். பொடெஸ்டா 2008-இல் ஒபாமாவின் ஆட்சி மாற்றக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவர். டெல்லியில் உள்ள விவேகானந்தா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பின் முதல் இயக்குநர் அஜித் தோவல் 2014-இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார்.

6. அரசு நடவடிக்கையை ஆய்வின் தரத்துக்கு அளவுகோல் ஆக்காதீர்கள். டெல்லியின் சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச், வெளிநாட்டு நன்கொடை பெறும் உரிமத்தை 2024 ஜனவரியில் இழந்தது. அது உரிமம் பற்றிய செய்தி. அவர்களின் ஆய்வுகள் சரியா தப்பா என்பதற்கு அந்த ஆய்வுகளைத்தான் படிக்க வேண்டும்.

7. சாய்வுக்கும் நம்பகத்துக்கும் மதிப்பெண் போடும் தளங்கள் உண்டு. பார்க்கலாம், ஆனால் அதோடு முடித்துக்கொள்ளக் கூடாது. தரவரிசைப் பட்டியல்கள் பெரும்பாலும் பெயரையும் புகழையும்தான் அளக்கின்றன.

8. அடிக்குறிப்புகளில் மூன்றையாவது திறந்து பாருங்கள். அறிக்கை சொல்வதை அந்த மூலம் சொல்கிறதா? "இருக்கலாம்" என்று மூலத்தில் இருந்தது அறிக்கையில் "இருக்கிறது" ஆகியிருக்கிறதா? சுருக்கத்தில் இருக்கும் அடித்துப் பேசும் வாக்கியம் உள்ளே நாற்பதாம் பக்கத்தில் எத்தனை நிபந்தனைகளோடு நிற்கிறது? பத்திரிகைக் குறிப்பை மட்டும் படித்துச் செய்தி எழுதுவதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

9. எழுதும்போது "ஆய்வில் தகவல்" என்று மொட்டையாகப் போடாதீர்கள். எந்த அமைப்பு, எந்தப் பக்கம் சாய்ந்தது, யார் பணம் என்பதை இரண்டாவது பத்திக்குள் சொல்லிவிடுங்கள். மதிப்பீட்டுக்குக் "கணக்கிட்டுள்ளது" என்று எழுதுங்கள், "கண்டறிந்துள்ளது" வேண்டாம். இத்தனையும் பார்க்க இன்று நேரமில்லை என்றால், ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் சொல்லி நாளைய பதிப்புக்குத் தள்ளி வையுங்கள்.