தனுஷ்கோடிக்குப் போகலாமா?

தனுஷ்கோடி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள், "அங்கேயா?" என்று திகைப்பர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலில் மூழ்கியது. இடிந்த தேவாலயம் இன்றும் நிற்கிறது.

ஆயினும் புயல் பருவத்தைச் சார்ந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை வானிலை அறிவிப்பைக் கேட்டே புறப்பட வேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலையும் உண்டு.

உண்மையான அபாயம், இரு கடல்கள் சேரும் அம்முனையின் நீரோட்டமே. அங்கே குளிப்பது உயிருக்கு ஆபத்து. புயலின் பெயருக்கு அஞ்சும் நாம், வெயில் நாளில் அந்த அலையில் இறங்கத் தயங்குவதில்லையே! எந்தப் பக்கம் இறங்கலாகாது என்பதை அங்குள்ள மீனவரிடம் கேட்டறியலாம். பொழுது சாயுமுன் இராமேஸ்வரம் திரும்பிவிட வேண்டும். இரவில் அங்கே தங்க இடமில்லை.