மீன் தொட்டி சொன்ன கிணற்றுச் சேதி



எனது ஊர் பத்தமடை. உம்மா பாய் நெய்றாங்க. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். சென்ற ஆண்டு கைக்காசில் மிச்சம் பிடித்து ஒரு கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்க மீன்களும் வாங்கினேன். மூன்றே மாதத்தில் தொட்டியெங்கும் பச்சைப் பாசி. மீன்கள் மூலையில் ஒடுங்கிவிட்டன. வாராவாரம் கிணற்றுத் தண்ணீர் மாற்றியும் பலனில்லை. ஏன்?

தொட்டிக்குள் நடப்பது

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்குக் கடும் விஷம். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் தானாக வெளியேறாது, சேர்ந்துகொண்டே போகும். "கோரையை ஓடுற தண்ணியிலதான் ஊறப்போடணும்" என்பாங்க உம்மா. தொட்டித் தண்ணீர் ஓடாதே! நாம்தான் மாற்ற வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

ஆசிரியர் தந்த சோதனைத் தாளில் பார்த்தேன். தொட்டியில் லிட்டருக்கு 100 மில்லி கிராம். கிணற்றிலோ 50! கிணற்றை ஒட்டி நெல் வயல். பயிர் எடுத்தது போக மிஞ்சும் யூரியா மண்ணில் நைட்ரேட்டாகித் தண்ணீரோடு கீழே இறங்கிவிடுகிறது. 50 உள்ள தண்ணீரை எத்தனை முறை ஊற்றினாலும் தொட்டி 50-க்குக் கீழே வராது. தெருக் குழாயில் 10தான். அதில் கால் பங்கு வீதம் மாற்றினால் 100 என்பது 78, 61, 48, 38, 31 என்று ஐந்தே தடவையில் இறங்கும்.

செய்ய வேண்டியவை

1. ஊற்றப்போகும் தண்ணீரை முதலில் சோதியுங்கள்.
2. ஒரே நாளில் முழுவதும் மாற்றாதீர்கள், மீன் தாங்காது. மூன்று நாளுக்கொரு முறை கால் பங்கு போதும்.
3. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள்.
4. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுங்கள்.
5. வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். இல்லையேல் நல்ல பாக்டீரியா செத்துப்போகும்.
6. வேலம்பாசி வளருங்கள், அல்லது மணி பிளாண்ட் வேரைத் தண்ணீரில் விடுங்கள். இரண்டும் நைட்ரேட்டை உறிஞ்சும்.

மீன்கள் பிழைத்தன. ஆனால் என் தூக்கம் போனது வேறு காரணத்தால். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 45 மில்லி கிராம். எங்க அக்காவின் மூன்று மாதக் குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்தது அதே கிணற்றுத் தண்ணீரில்! "நல்லா கொதிக்க வச்சுத்தானல குடுக்கோம்" என்றாங்க உம்மா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். இது பச்சிளங் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுத்து, உடம்பை நீலமாக்கும். அமெரிக்காவில் கிணற்றுத் தண்ணீரால் இப்படி நேர்வதை 1945-ல் காம்ளி என்ற மருத்துவர் எழுதினார்.

இப்போது குழந்தைக்குக் குழாய்த் தண்ணீர்தான். உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஆனால் தாளின் நிறத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாங்க.

நண்பர்களே, லேபில் படித்ததை வைவாவோடு மறந்துவிடாமல், ஒரு முறை உங்கள் வீட்டுக் கிணற்றையும் சோதித்துப் பாருங்கள்!