தோளில் மாட்டும் பை: பார்த்து வாங்குவோம், பல வருஷம் வைத்துக்கொள்வோம்



இந்த மாதப் பாடம் பை பற்றியது. முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிற பை. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் போகும்போது எடுத்துப் போகும் பை, ஊருக்குப் போகும் பை எல்லாமே இதில் அடங்கும். "பை வாங்கறதுக்கு எல்லாம் ஒரு பாடமாக்கா?" என்று திருவொற்றியூர் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சிரித்தார். அவரிடமே, போன 5 வருஷத்தில் வீட்டுக்கு எத்தனை பை வாங்கினீர்கள் என்று கேட்டோம். விரல் விட்டு எண்ணினார். 9 வந்தது. அதில் இன்றைக்கு உருப்படியாக இருப்பது 2. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இது ஏன் நமக்கு முக்கியம்?

நம் பகுதிக்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, நடுவில் கம்பெனிகள். நாம் வாழ்கிற இடம் இது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தது. 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அந்தத் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்துக் குப்பங்களுக்குள் புகுந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வெளியே ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அப்படி ஓடுகிற நேரத்தில் ஒரு கையில் பிள்ளை இருக்கும். இன்னொரு கையால் மாமியாரைப் பிடித்திருப்போம். கட்டைப் பையும் சாக்கு மூட்டையும் தூக்க மூன்றாவது கை நமக்கு இல்லை. முதுகில் மாட்டுகிற பை இருந்தால் இரண்டு கையும் காலியாக இருக்கும். அதனால்தான் இந்தப் பாடம்.

இன்னொன்றும் உண்டு. 2015-லும் 2023-லும் வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்துபோன, தொலைந்துபோன சான்றிதழ்களுக்கு மாற்று வாங்குவதற்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. காகிதங்கள் ஒரு நல்ல பைக்குள் பத்திரமாக இருந்தால் அந்த வரிசையில் நாம் நிற்க வேண்டாம்.

முதல் கேள்வி: எவ்வளவு பெரிய பை?

பையின் அளவை லிட்டரில் சொல்வார்கள். "பைக்கு எதுக்கு லிட்டரு?" என்று தோன்றும். நம் வீட்டில் இருக்கிற தண்ணீர்க் கேன் 20 லிட்டர். அந்தக் கேன் அளவுக்கு உள்ளே இடம் இருந்தால் அது 20 லிட்டர் பை. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்கும், காலையில் போய் இரவு திரும்புகிற பயணத்துக்கும் 20 முதல் 25 லிட்டர் போதும். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கும், வீட்டின் அவசரப் பைக்கும் 30 முதல் 40 லிட்டர் வேண்டும். அதற்கு மேல் வாங்காதீர்கள். பெரிய பை வாங்கினால் நிரப்பத்தான் தோன்றும். நிரப்பின பிறகு தூக்க முடியாது.

எவ்வளவு எடை தூக்கலாம்? பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய அரசின் 2020-ம் வருஷத்துப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. புத்தகம், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, பையின் சொந்த எடை எல்லாம் சேர்த்துத்தான் இந்த 3 கிலோ. ஆகவே காலிப் பை கனமாக இருந்தால் பிள்ளை அந்தக் கனத்தையும் தினமும் சும்மா தூக்குகிறது. பெரியவர்களும் நீண்ட தூரம் நடக்கும்போது இதே பத்தில் ஒரு பங்கை மனதில் வைத்தால் முதுகும் முட்டியும் பிழைக்கும்.

கடையில் நின்று செய்ய வேண்டிய 7 சோதனைகள்

பாரிமுனையில் வாங்கினாலும் சரி, நம் தேரடியில் வாங்கினாலும் சரி, கலரையும் பொம்மைப் படத்தையும் பார்ப்பதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்.

1. வார் சேரும் இடம். பை முதலில் கிழிவது இங்கேதான். தோள் வார் பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒற்றைத் தையலாக இருந்தால் வைத்துவிடுங்கள். பெட்டி போலவோ, பெருக்கல் குறி போலவோ பல வரிசை நெருக்கமாகத் தைத்திருக்க வேண்டும். வாரைப் பிடித்து நன்றாக இழுங்கள். தையலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பை ஒரு வருஷம் தாங்காது.

2. உள் தையல். பையைத் திறந்து உள்பக்க ஓரங்களைப் பாருங்கள். துணி ஓரம் நூல் பிரிந்து தொங்கக்கூடாது. ஓரத்துக்குப் பட்டி வைத்து மூடித் தைத்திருந்தால் நல்லது. கடைக்காரர் வெளிப்பக்கத்தைத்தான் காட்டுவார். உள்பக்கத்தை நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

3. ஜிப். 10 தடவை திறந்து மூடுங்கள். முக்கியமாக வளைவில் சிக்காமல் போகிறதா என்று பாருங்கள். பல் பெரிதாக இருக்கிற ஜிப் நீடிக்கும். நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு இரும்பு ஜிப் சீக்கிரம் துருப்பிடிக்கும். நைலான் அல்லது பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப்பே நமக்கு ஏற்றது.

4. துணி. சில பைகளின் சீட்டில் 600டி, 1000டி என்று போட்டிருக்கும். டி என்றால் டெனியர். 9000 மீட்டர் நீள நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அதுதான் அந்த நூலின் டெனியர். எண் கூடக்கூட நூல் தடிமன் கூடும், பையின் கனமும் கூடும். சீட்டு இல்லையென்றால் நகத்தால் துணியைக் கீறிப் பாருங்கள். நூல் விலகினால் மட்டமான நெசவு.

5. அடிப்பாகம். தரையில் வைத்து வைத்து அடிதான் தேயும். அடியில் இன்னொரு மடிப்புத் துணி கொடுத்திருக்கிறார்களா என்று கை வைத்துப் பாருங்கள்.

6. தோள் வாரும் முதுகுப் பக்கமும். வார் 2 விரல் அகலத்துக்காவது இருக்க வேண்டும். மெல்லிய வார் தோளை அறுக்கும். உள்ளே வைத்த பஞ்சை அமுக்கிவிட்டு விடுங்கள். உடனே எழும்பினால் நல்லது. அமுங்கியே கிடந்தால் இரண்டே மாதத்தில் தட்டையாகிவிடும்.

7. மாட்டிப் பார்ப்பது. காலிப் பையை மாட்டிப் பார்த்தால் எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும். கடையில் இருக்கிற வேறு சாமானை உள்ளே போடச் சொல்லி, மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடங்கள். பை இடுப்புக்குக் கீழே தொங்கக்கூடாது. பெரிய பையாக இருந்தால் இடுப்பு பெல்ட் இருப்பதாகப் பாருங்கள். அதைக் கட்டினால் தோளின் பாரத்தில் பெரும்பங்கை இடுப்பு வாங்கிக்கொள்ளும். குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கின நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மலிவு எது? ஒரு கணக்கு போடுவோம்

கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு பை 300 ரூபாய். 8 மாதத்தில் கிழிகிறது. 4 வருஷத்தில், அதாவது 48 மாதத்தில், 6 பை வாங்க வேண்டும். மொத்தம் 1800 ரூபாய். இன்னொரு பை 1000 ரூபாய். 4 வருஷம் உழைக்கிறது. நடுவில் ஒரு தடவை ஜிப் மாற்ற 100 ரூபாய். மொத்தம் 1100 ரூபாய். கடையில் 300 ரூபாய்ப் பை மலிவாகத் தெரிந்தது. முடிவில் 700 ரூபாய் கூட வாங்கிக்கொண்டது.

"அதெல்லாம் சரிதான்கா, ஒரே நேரத்துல ஆயிரம் ரூபாய்க்கு எங்க போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. தை மாதத்திலிருந்தே மாதம் கொஞ்சமாகத் தனியே எடுத்து வைத்தால் கடனே வேண்டாம். முடியாவிட்டால் குழுவின் உள்கடன் இருக்கிறது. 700 ரூபாய் குறைகிறது, மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி, மாதம் 140 வீதம் 5 மாதத்தில் அடைக்கிறீர்கள் என்றால் மொத்த வட்டி 21 ரூபாய். இதே பணத்தைப் பத்து வட்டிக்கு வெளியில் வாங்கினால் 210 ரூபாய். வித்தியாசத்தைப் பாருங்கள்.

விலை கூடினாலே தரம் கூடும் என்றும் நினைக்க வேண்டாம். சில பைகளில் பெயருக்குத்தான் விலை. மேலே சொன்ன 7 சோதனையை விலை கூடின பைக்கும் செய்யுங்கள். 10 பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை பேசலாம். பில் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதம் இருந்தால் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அச்சிட்ட எம்.ஆர்.பி. விலையில் வரி அடக்கம், அதற்கு மேல் கேட்கக்கூடாது. ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

இன்னொன்று. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாப் பை தருகிறது. அதை வாங்கி ஓரம் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவதற்கு முன், வார் சேரும் இடத்தில் நாமே ஒரு தையல் கூடப் போட்டுப் பாருங்கள். நம் குழுக்களில் தையல் மெஷின் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்!

மழையும் உப்புக்காற்றும்

"வாட்டர் புரூப்" என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். துணியில் தண்ணீர் இறங்காவிட்டாலும் ஜிப் வழியாகவும் தையல் ஓட்டை வழியாகவும் இறங்கும். பைக்குள்ளே ஒரு கனமான பாலித்தீன் உறையை விரித்து, அதற்குள் சாமானை வைத்து, வாயை முறுக்கிக் கட்டிவிடுங்கள். காகிதங்களுக்கு மட்டும் இன்னொரு உறை போடுங்கள். இரண்டையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

வருஷத்துக்கு இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் துணி நைந்துவிடும். ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியை அதன் பல்லில் தேயுங்கள். ரன்னர் ஓடியும் பின்னால் திறந்துகொண்டால், அதன் இரண்டு ஓரத்தையும் இடுக்கியால் மெதுவாக அமுக்குங்கள். பாதி ஜிப்கள் இதிலேயே சரியாகிவிடும்.

நடைப்பயணம் போகிறவர்களுக்கு

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3550 படி. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். வேளாங்கண்ணிக்கு நாள்கணக்கில் நடக்கிறவர்களும் நம்மில் உண்டு. கனமான சாமானைப் பையின் நடுவில், முதுகை ஒட்டி வையுங்கள். துணிமணி அடியில். தண்ணீரும் மாத்திரையும் கை எட்டும் இடத்தில். இரண்டு வாரையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே தோளில் தொங்கவிட்டு நடந்தால் கழுத்து வலி நிச்சயம். அலிபிரியில் பையை ஒப்படைத்துவிட்டு மேலே போய் வாங்கிக்கொள்ளும் வசதியைத் தேவஸ்தானம் இலவசமாகவே தருகிறது. வயதானவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்கு ஒரு அவசரப் பை

ஐப்பசி பிறந்ததும் இந்தப் பையைத் தயார் செய்யுங்கள். உள்ளே என்ன?

- ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், குழுப் பாஸ் புத்தகம், மீனவர் அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள்
- சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா மருந்து ஒரு வாரத்துக்கு, டாக்டர் சீட்டோடு
- டார்ச் லைட், செல்போன் சார்ஜர், கொஞ்சம் சில்லறைப் பணம்
- ஆளுக்கு ஒரு செட் துணி, மாதவிடாய்த் துணி அல்லது நாப்கின்
- 2 லிட்டர் தண்ணீர், பிஸ்கட், வறுகடலை
- முகத்தை மூட ஒரு பருத்தித் துண்டு

பையை வாசல் பக்கம் உயரத்தில் மாட்டுங்கள். பீரோவுக்குள் வைத்த பை அவசரத்துக்கு ஆகாது. மருந்தின் தேதியை 3 மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

வாயு கசிந்தால் துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். பை கைக்கு எட்டினால் எடுங்கள். எட்டாவிட்டால் தேடி நிற்க வேண்டாம். பை நமக்காக, நாம் பைக்காக இல்லை. ஆம்புலன்ஸ் 108. மாவட்டப் பேரிடர் எண் 1077. சென்னை மாநகராட்சி 1913. இந்த எண்களை மார்க்கரால் பையின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம், செய்வோம்

1. போன 5 வருஷத்தில் உங்கள் வீட்டில் பைக்குச் செலவான பணம் எவ்வளவு?
2. ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள ஒரு பையைக் கொண்டு வாருங்கள். 7 சோதனையையும் எல்லோரும் சேர்ந்து செய்து பாருங்கள்.
3. பிள்ளையையும் பள்ளிப் பையையும் எடை போட்டு, பத்தில் ஒரு பங்கு கணக்கைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் டீச்சரிடம் யார் போய்ப் பேசுவது என்று முடிவு செய்யுங்கள்.
4. தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்கள் யார்? அவர்களுடைய அவசரப் பையை எந்த உறுப்பினர் தயார் செய்து தருவது?

நாலாவது கேள்விக்கு வந்த பதிலை, ஊக்குநரும் பிரதிநிதியும் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மழைக்காலத்துக்கு முன் நாங்கள் குழுவுக்கு வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்போம்.