பழைய கார்க் கதைகளைக் கேட்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளே,

நம் வீட்டுப் பெரியவர்களும் அவர்களுடைய நண்பர்களும் வைத்திருந்த கார்களைப் பற்றி அவர்களிடமே கேட்டு, எழுதித் தொகுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாய். செய்ய வேண்டிய வேலைதான், செய். ஆனால் இறங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். யாரிடம் போனாலும் முதலில் நீ கேட்கப் போவது ஒரே பல்லவிதான்: அந்தக் காலத்து வண்டிதான் வண்டி, அத்தனையும் இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகர டப்பா. இதைக் கேட்டபடியே எழுதிவிடாதே. 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு முந்திய நம் ஊர்க் கார் நினைவுகள் பெரும்பாலும் பற்றாக்குறையில் விளைந்தவை. காரின் பெருமை என்று அவர்கள் சொல்வதில் பாதி, வேறு வழியில்லாமல் ஒரே வண்டியோடு இருபது வருஷம் ஒப்பேற்றியதன் பெருமை. அந்தப் பற்றாக்குறையையும் சேர்த்து எழுதினால்தான் நீ எழுதுவது உண்மையாக இருக்கும்.

ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. சுதந்திரத்துக்கு முன்பே ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியிலிருந்து உதிரிகளை இறக்கி, இங்கே பூட்டிக் கார் விற்றுக்கொண்டிருந்தன. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று 1950-களின் தொடக்கத்தில் அரசு முடிவெடுக்கவும் அவை கிளம்பிப் போயின. மிஞ்சியவை முக்கியமாக மூன்று: வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கார்தான். பிரிட்டனில் அந்த மாடலை 1959-லேயே நிறுத்திவிட்டார்கள். இங்கே 1957-இல் தொடங்கி, முகப்பையும் எஞ்சினையும் அவ்வப்போது மாற்றிக்கொண்டு 2014 வரை ஓட்டினார்கள். பிரீமியரின் பத்மினிக்கு மூலமான ஃபியட் 1100 இத்தாலியில் 1969-இல் நின்றது. இங்கே அது புது நூற்றாண்டின் வாசல் வரை வந்தது. இந்த மாடல்கள் இத்தனை காலம் நீடித்ததற்குச் சிறப்பு மட்டும் காரணம் இல்லை. போட்டிக்கு வர உரிமம் எளிதில் கிடைக்கவில்லை என்பதுதான் பெரிய காரணம். 1970-களில் நாடு முழுவதற்குமாக ஆண்டுக்கு 40,000-ஐ ஒட்டித்தான் கார்கள் வந்தன. அப்போதைய மக்கள்தொகையோ 55 கோடி. ஃபியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். கையில் வந்த வண்டியை அன்றைக்கே விற்றால் கடை விலையைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். அந்தக் காலத்துக்காரர்களே அந்தக் காலத்து வண்டியைக் குறை சொன்னார்கள். தரத்தைப் பற்றிய புகார் பெருகித்தான் 1967-இல் மத்திய அரசு அதை விசாரிக்கவே ஒரு குழு போட்டது. இரும்பு என்ற புகழ் வண்டியோடு கூடப் பிறந்ததல்ல, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இதைவிடப் பலமான சாட்சி மாருதி. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சி.சி. எஞ்சின், மெல்லிய தகடு, இன்றைக்குத் தகர டப்பா என்று நம் பெரியவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதன் மூதாதை. அதற்கு முன்பதிவு ஒரு லட்சத்தைத் தாண்டியது. பதிந்தவர்கள் யார்? அம்பாசடரையும் ஃபியட்டையும் இன்று கொண்டாடுகிற அதே தலைமுறைதான். தேர்ந்தெடுக்க வாய்ப்பு வந்த முதல் நாளே அவர்கள் பணத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் என்பதைக் கேட்டு எழுது. நம் ஊர் ஸ்டாண்டர்டின் கதை இதற்கு மறுபக்கம். அதன் ஹெரால்டு அழகான வண்டி. 1968-இல் அதற்கு நாலு கதவு வைத்ததும் சென்னையில்தான், ஆங்கிலேயர்கள் அதைச் செய்யவில்லை. ஆனால் அதே கம்பெனி 1985-இல் ரோவரின் நவீன உடலுக்குள் பழைய வேன்கார்டு காலத்து எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று இறக்கியது. எதைக் கொடுத்தாலும் வாங்குவார்கள் என்ற பழக்கம் அதற்குள் செல்லாமல் போயிருந்தது. 1988-இல் ஆலையை மூடினார்கள்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்த பிறகு கார் வாங்கியவர்களிடமும் பேசிப் பார். அவர்களிடம் கதை குறைவாகத்தான் இருக்கும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு வண்டியை மாற்றியவருக்கு எந்த வண்டியோடும் பெரிய உறவு கிடையாது. அந்தக் கார்கள் மட்டம் என்பதால் அல்ல. நடுவழியில் நிற்காத வண்டி கதையை உண்டாக்குவதில்லை.

அப்படியானால் தகடு கனமாக இருந்தது பொய்யா என்று உன்னிடம் சண்டைக்கு வருவார்கள். பொய்யில்லை. ஆனால் தகடு கனமாக இருந்தால் வண்டிக்குத்தான் அடி குறையும், உள்ளே இருக்கும் ஆளுக்கு அல்ல. நசுங்காத உடல், மோதலின் வேகத்தை அப்படியே உட்கார்ந்திருப்பவர்மேல் இறக்கிவிடும். இன்றைய கார்களின் முன்பக்கம் கசங்கும்படி வேண்டுமென்றே வடிவமைக்கப்படுகிறது. அந்தக் கசங்கலில்தான் வேகம் கரைகிறது, பயணிகள் இருக்கும் கூண்டு மட்டும் கெட்டியாக நிற்கிறது. பழைய வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டு நேராக ஓட்டுபவரின் நெஞ்சைப் பார்த்து நின்றது. முன் சீட்டில் ஒரே பலகையாக மூன்று பேர், மடியில் குழந்தை. சீட் பெல்ட் கட்டாயமானதே 1990-களில். புதியதெல்லாம் பத்திரம் என்றும் நான் சொல்லவில்லை. 2014-இல் இந்தியாவில் பிரபலமான ஐந்து சிறிய கார்களை குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனை அமைப்பு மோதிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019-இல்தான் கட்டாயமானது. இரும்பின் கனத்தில் பாதுகாப்பு இல்லை, வடிவத்திலும் விதியிலும் இருக்கிறது என்பதைத்தான் இரண்டு காலமும் காட்டுகின்றன. அடி வாங்கியும் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அடுத்த கேள்வியைக் கேள்.

இன்னொரு மறுப்பு வரும். அதில் நியாயம் அதிகம். பழைய வண்டியை எந்த ஊரிலும் ரிப்பேர் செய்யலாம். கார்பரேட்டரைக் கழற்றி ஊதிவிட்டு, பாயின்ட்டைத் தேய்த்துவிட்டு, அரை மணியில் கிளப்பிவிடுவார்கள். இன்று ஒரு சென்சார் போனால் கணினியைச் செருகித்தான் பார்க்க வேண்டும். இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். சொந்தக்காரரின் கைக்கு வண்டி எட்டியது என்பது பெரிய சுதந்திரம், அதை இழந்திருக்கிறோம். ஆனால் அந்த வசதி எங்கிருந்து வந்தது என்று யோசி. நாற்பது வருஷம் ஏறக்குறைய ஒரே வண்டி ஓடினால், கோவில்பட்டியிலும் அதன் உதிரி கிடைக்கும், தர்மபுரி மெக்கானிக்குக்கும் அதன் நாடி தெரிந்திருக்கும். தேக்கம் கொடுத்த வரம் அது. போகட்டும், வரம் வரம்தான். எனவே மெக்கானிக்குகளையும் பேச வை. வண்டியைப் பற்றி அதன் சொந்தக்காரரைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

நினைவு என்றால் மனசு சம்பந்தப்பட்டது, அங்கே போய் விலையையும் வரிசையையும் கணக்குப் பார்க்கலாமா என்று நீயே கேட்கலாம். பார்க்கலாம். கணக்கு தெரிந்தால்தான் மனசும் புரியும். மாதச் சம்பளம் எத்தனை, கார் என்ன விலை, கடன் எங்கே வாங்கினார்கள், எந்த நகை அடகுக்குப் போயிற்று என்று தெரியாமல், அந்தக் காருக்கு ஏன் சந்தனம் குங்குமம் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் துடைத்தார்கள் என்பதை எப்படி விளங்கிக்கொள்வாய்? வெறும் ஏக்கமாக எழுதினால் ஒருவருடைய ஏக்கத்துக்கும் இன்னொருவருடைய ஏக்கத்துக்கும் வித்தியாசம் இருக்காது. கணக்கோடு எழுதினால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத் தெரியும்.

கணக்கு இன்னொன்றையும் சொல்லும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பார்த்தாலே கார் உள்ள வீடுகள் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுதான். 1970-களில் அது எவ்வளவு சிறு கூட்டம் என்று நினைத்துக்கொள். ஆகவே காரைப் பற்றிய நினைவு, கார் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அந்தக் கார்களில் பலவற்றைச் சம்பளத்துக்கு ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தின் முன்னால் அதிக நேரம் உட்கார்ந்தது அவர்கள்தான், இரவில் மலைப்பாதையில் கொதிக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடியதும் அவர்கள்தான். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை நடை போனார்கள், சாப்பாடு எப்போது கிடைத்தது, வண்டியில் எங்கே படுத்துத் தூங்கினார்கள் என்று கேள். வீட்டுப் பெண்களிடமும் கேள்: காரில் எந்த இடம் அவர்களுடையது, எங்கே போக அனுமதி, ஓட்டிப் பழக யாராவது சொன்னார்களா, சொல்லாவிட்டால் ஏன். பெரியப்பாமார்கள் சொல்வதற்கும் பெரியம்மாமார்கள் சொல்வதற்கும் நடுவில்தான் உனக்கு வேண்டியது இருக்கிறது.

பேசப் போகும்போது கையோடு ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் தாள், பழைய போட்டோ எது கிடைத்தாலும் கேட்டு வாங்கிப் பார். ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயரும் ஏறியிருக்கும். போட்டோவில் நம்பர் பலகையைக் கவனி: டிஎன் போட்டு அடுத்து வட்டார அலுவலக எண் வந்தால் அது 1989-க்குப் பிந்திய பதிவு. எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கினால் அதற்கு முந்தியது. வருஷத்தைப் பற்றி இருவர் வாதாடும்போது இது உதவும்.

முதலில் ஓட்டுநர்களைத் தேடிப் போ. வயதானவர்கள், அவர்களுடைய முகவரியை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள், அவர்கள் கதையை அடுத்த மாதமும் கேட்கலாம்.

அன்புடன்,
உன் பெரியப்பா